அம்மாவின் வலி அடங்கினால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்

படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 67 வயது. மூன்று வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மருந்து ஏற்றல் என்று போய், ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். இந்த வருடம் மாசியில் நோய் முள்ளந்தண்டு எலும்புக்குப் பரவியிருப்பது தெரியவந்தது. அம்மாவிடம் "ஒரு கட்டி, மருந்துக்குச் சுகமாகும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பகலில் ஓரளவு சமாளிக்கும் அம்மா இரவானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை முனகுகிறார். கிளினிக்கில் மோர்பின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அது அலுமாரிக்குள் பிரிக்கப்படாமல் இருக்கிறது. சுவிஸிலிருக்கும் அண்ணன், "அதைத் தொடங்கினா அவ்வளவுதான், ஆளை மயக்கத்திலேயே கொண்டுபோயிடும்" என்று தொலைபேசியில் தடுத்துவிட்டார். திருகோணமலையில் இருக்கும் அக்கா மாதத்தில் ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போகிறார். உதவி கேட்டால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: "அம்மாட வீடு உனக்குத்தானே எழுதினது."

கடிதம் எழுதியவர் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். கணவர் வயல் செய்பவர், யானைக் காவலுக்கு இரவில் வாடியில் தங்குகிறவர். மூத்த மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள், மகன் சின்னவன். இரவில் துண்டு துண்டாக மூன்று மணித்தியாலத் தூக்கம்கூட இல்லை. முதுகு உளைவு, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாயும் ஒழுங்கில்லை. அலுவலகத்தில் பார்த்தபோது பிரசர் 150/100. மண்முனைப் பாலத்தில் ஸ்கூட்டியில் வரும்போது ஒருநாள் கண் சொருகியிருக்கிறது. கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்ட அம்மாவை ஒருநாள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, கிணற்றடியில் போய் அழுதிருக்கிறார். கடைசிப் பக்கத்தை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்:

"சில நேரம் இது எப்ப முடியும் எண்டு நினைக்கிறன். அந்த நினைப்பு வந்த உடனே உடம்பு நடுங்குது. பெத்த தாய்க்கு இப்படி நினைக்கிற நான் ஒரு மனுசியா? இந்த முறை வைகாசிச் சடங்குக்கும் கோயிலுக்குப் போகல்ல. எந்த முகத்தோட அம்மனைக் கும்பிடுறது? உனக்கு ஒரு வருத்தமும் இல்ல, எல்லாம் யோசனை எண்டு இவர் சொல்றார். எனக்கும் இந்த வருத்தம் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது.

"எப்ப முடியும்" என்ற நினைப்பு, தீராத நோயுள்ள ஒருவரை மாதக்கணக்கில் பார்க்கும் அநேகமான ஆட்களுக்கு வரும். வைத்தியராக நான் கேட்கும்போது முதலில் மறுப்பார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொல்வார்கள். மகன்மாரும் சொல்லியிருக்கிறார்கள், ஐம்பது வருடம் கூட வாழ்ந்த கணவன்மாரும் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் முனகல் ஓய வேண்டும், அந்த வேதனையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கும் நிலை ஓய வேண்டும், நீங்கள் ஒரு இரவாவது தூங்க வேண்டும். உங்கள் மனம் கேட்பது இவற்றைத்தான். அம்மா சாக வேண்டும் என்று விரும்புகிற ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு எழும்பி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கமாட்டாள். ஆகவே இதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். கோயிலுக்குப் போக மனம் கேட்டால் தயங்காமல் போய்வாருங்கள்.

ஏசியது வேறு விடயம். அது அம்மாவுக்கு வலித்திருக்கும், உங்களுக்கும் தெரியும். ஒருமுறை நடந்ததற்கு ஒரு மன்னிப்புப் போதும், "அம்மா, நித்திரை இல்லாம ஏசிப்போட்டன்" என்று நேரே சொல்லிவிடுங்கள். ஆனால் ஏச்சு தினசரி ஆகத் தொடங்கினாலோ, கை ஓங்க வந்தாலோ, அன்றே இன்னொருவரைக் கூப்பிட்டு அம்மாவை ஒப்படைத்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். பராமரிப்பவரின் பலம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

உங்கள் கணவர் அன்பில்லாமல் பேசியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பிழை. மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டு, எந்த நேரமும் அடுத்த அறைச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருக்கும் உடம்பு, ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருக்கும் அட்ரினலின், கோர்ட்டிசோல் சுரப்புகளை இரவும் பகலும் விட்டுக்கொண்டேயிருக்கும். பிரசர் ஏறுவதும், நெஞ்சு படபடப்பதும், தசைகள் இறுகி முதுகும் தலையும் நோவதும், மாதவிடாய் குழம்புவதும் அதனால் வரக்கூடியவை. 1995 இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். மறதிநோய் உள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையிலும், அதே வயதுள்ள மற்றப் பெண்களின் கையிலும் ஒரேயளவான மிகச் சிறிய காயம் செய்து, அது ஆறும் நாட்களைக் கணக்கெடுத்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. யோசனை என்று தள்ளிவிடக்கூடிய ஒன்று தோலில் உள்ள காயத்தைப் பிந்தவைக்குமா? இந்தப் பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அலுமாரிக்குள் இருக்கும் மோர்பின்

உங்கள் கடிதத்தில் ஆகப் பெரிய பிரச்சினை அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. அம்மாவின் வலிக்கு மருந்து வீட்டிலேயே இருந்தும் கொடுக்கப்படவில்லை. அம்மா வலியில் விழித்திருக்கிறார், அதனால் நீங்கள் விழித்திருக்கிறீர்கள், அதனால் பிரசர் ஏறுகிறது, அதனால் கோபம் வருகிறது, பாலத்தில் கண் சொருகுகிறது. உங்களுக்குத் தூக்கக் குளிசை எழுதித் தருவது எனக்குச் சுலபம். அதைச் செய்தால் நீங்கள் தூங்குவீர்கள், அம்மா தனியே முனகுவார். முதல் வைத்தியம் அம்மாவின் வலிக்குத்தான்.

மோர்பினைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னது எங்கள் ஊர்களில் படித்தவர்களும் நம்புகிற ஒன்று. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. பல குடும்பங்கள் கடைசிக் கிழமைவரை மோர்பினைத் தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாத நேரத்தில் கொடுப்பார்கள். இரண்டு நாளில் ஆள் போய்விடுவார். பார்த்தவர்கள் மருந்துதான் கொண்டுபோனது என்று முடிவுகட்டுவார்கள். உண்மையில் சரியான அளவில், நோயாளியின் நிலைக்கேற்பக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியில் அதைச் சேர்த்தது. வாயால் கொடுக்க வேண்டும், வலி வரும்வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் அடிப்படை. மாதக்கணக்காக மோர்பின் எடுத்துக்கொண்டு வீட்டில் நடமாடுகிற, பேரப்பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருக்கிற நோயாளிகள் இருக்கிறார்கள். வலிக்காக வைத்திய மேற்பார்வையில் எடுக்கும்போது போதைக்கு அடிமையாகும் பயமும் மிகக் குறைவு. அந்தப் பயத்துக்காக எலும்பு வலியோடு ஒருவரைப் படுக்கவைப்பது நியாயம் இல்லை.

ஆனால் இன்றிரவே அலுமாரியைத் திறந்து நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். குளிசை எழுதிக் கொஞ்சக் காலம் ஆகிவிட்டது. அம்மாவின் நிலை, சிறுநீரகம், எடுக்கும் மற்ற மருந்துகள் எல்லாம் மாறியிருக்கலாம். குளிசையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போய், "இதை இதுவரை கொடுக்கவில்லை, இப்போது தொடங்கலாமா, எவ்வளவு, எத்தனை மணிக்கொருக்கா?" என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்பதை மறைக்காதீர்கள். அது தெரியாவிட்டால், கொடுத்தும் வலி போகவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள், அது ஆபத்து.

தொடங்கிய முதல் சில நாட்களில் தூக்கக் கலக்கமும் ஓங்காளமும் வரலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தை முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள், பலர் மோர்பினை நிறுத்துவதே இதனால்தான். எழுப்பினாலும் எழும்பாத அளவு மயக்கம், மூச்சு மிக மெதுவாதல் இரண்டும் அபாய அறிகுறிகள், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் குளிசையைப் பூட்டி வையுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். எலும்புக்குப் பரவிய நோயில் வலியைக் குறைப்பதற்கென்றே கதிர்ச் சிகிச்சை கொடுப்பதுண்டு, எங்கள் சனம் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்வது. வலிக்காக என்றால் ஒரே தடவையிலோ சில தடவைகளிலோ முடிந்துவிடும், முன்னைப்போலக் கிழமைக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. எலும்பை வலுப்படுத்தும் ஊசியும் உண்டு. அம்மாவுக்கு இவை பொருந்துமா என்று புற்றுநோய் வைத்திய நிபுணர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்காவிட்டால் நெருக்கடியான கிளினிக்கில் அந்தப் பேச்சே எழாமல் போகலாம். போகும் நாள்வரை கொப்பியின் பின்பக்கத்தில் இரவு வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை இலக்கம் போட்டு எழுதி வையுங்கள். "கொஞ்சம் நோவு இருக்கு" என்பதைவிட "ஐந்து இரவு எட்டு, இரண்டு இரவு ஒன்பது" என்பது வைத்தியரின் பேனாவை வேகமாக அசைக்கும்.

முள்ளந்தண்டில் நோய் இருப்பதால் ஒரு எச்சரிக்கையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கால் திடீரென்று பலமிழந்தாலோ, விறைத்தாலோ, சலம் போவது தடைப்பட்டாலோ, மலசலம் அறியாமல் போனாலோ அது முள்ளந்தண்டு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து அந்த நேரமே கொண்டுபோங்கள். மணித்தியாலங்கள் பிந்தினால் நடக்கும் சக்தி திரும்பி வராமலே போகலாம். அதேபோல, மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலும் பனடோலைக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

மூன்று வருடமாகப் புற்றுநோய்ப் பிரிவின் வாங்கில் இருந்து, தலைமயிர் கொட்டிய மற்றப் பெண்களோடு கதைத்து, மகரகமவில் வாட்டில் படுத்து எழும்பி வந்தவர் உங்கள் அம்மா. எங்கள் பக்கத்தில் நோயாளியைத் தவிர ஊர் முழுக்க வருத்தத்தின் பெயரை அறிந்திருக்கும். அப்படி நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் நோயாளிக்கும் தெரியும். பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவர் வாய் திறப்பதில்லை, அவர் உடைந்துபோவார் என்று பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

இந்த மறைப்பு உங்களிடம் வாங்குகிற கூலியைப் பாருங்கள். முகத்தை ஒவ்வொரு நிமிடமும் காவல் காக்க வேண்டும். வந்துபோகிறவர்கள் என்ன சொல்லிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டும். அம்மாவின் அறையில் அழ முடியாது, அதனால் கிணற்றடி. அம்மா, "மருந்து எடுத்தும் ஏன் சுகமில்ல?" என்று கேட்டால் ஒரு புதுப் பொய் தேட வேண்டும். உடம்புக் களைப்பைவிட இது ஆளைக் கூடுதலாகத் தின்னும்.

அம்மா நினைவோடும் சொல்லோடும் இருக்கும் ஒரு பெரிய மனுசி. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அறியும் உரிமை முதலில் அவருக்கு. அவருக்கும் செய்துமுடிக்க வேண்டியவை இருக்கும். பேத்திக்குக் கொடுக்க நினைத்த காப்பு, ஒருமுறை பார்க்க வேண்டிய தங்கச்சி, ஒரு நேர்த்தி, கடைசிக் காலத்தில் வாட்டில் இருப்பதா வீட்டில் இருப்பதா என்ற முடிவு. அதற்காக நாளைக்கே போய் அறிக்கையை வாசித்துக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கொட்டுவதும் கொடுமைதான்.

அமைதியான ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: "அம்மா, இந்த வருத்தத்தைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?" பிறகு பேசாமல் காத்திருங்கள். "எனக்கு எல்லாம் தெரியும் மகள்" என்று வரலாம். "இது கான்சரா?" என்று நேரே கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள், "ஓம் அம்மா, டொக்டரிட்டயும் கேட்டுக் கதைப்போம், நாங்க இருக்கிறம்" என்றால் போதும். "எனக்கு ஒண்டும் தெரிய வேணாம், நீங்க பாருங்க" என்று சொன்னால் அதுவும் அவருடைய உரிமை, அதோடு விட்டுவிடுங்கள். சொல்லத் தைரியம் வராவிட்டால் கிளினிக் வைத்தியரிடம் அல்லது அங்குள்ள தாதியிடம் முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் முன்னிலையில் பேசுங்கள். தெரிந்தவுடன் அம்மா மனமுடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். சில நாள் அழுவார், சாப்பிடமாட்டார். உண்மை தெரிந்ததால் நோய் வேகமாகப் பரவுவதில்லை.

அண்ணனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நோய் பரவிய விடயத்தை அவரிடமும் மெல்லியதாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அவர் வர வேண்டுமானால் அம்மா இருந்து கதைக்கக்கூடிய காலத்தில் வர வேண்டும். அதை முடிவெடுக்க அவருக்கு முழு உண்மை வேண்டும்.

வீடு எடுத்தவள்தான் பார்க்க வேண்டுமா?

மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகிற வழக்கம் நல்ல வழக்கம் என்பது என் எண்ணம். ஒரு பெண்ணுக்குக் காலூன்ற ஒரு நிலம் கிடைக்கிறது, வயதான பெற்றோர் மருமகளின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் சீதன உறுதி என்பது புற்றுநோயாளி ஒருவரை இருபத்துநான்கு மணி நேரமும் தனி ஆளாகப் பராமரிப்பதற்கான ஒப்பந்தம் அல்ல. அக்காவுக்கும் கல்யாணத்தில் அவருடைய பங்கு கிடைத்திருக்குமே. நாட்டுச் சட்டத்தையும் சொல்கிறேன். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கவனிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைத்திருக்கிறது. வீடு பெற்ற பிள்ளை என்று அது பிரிக்கவில்லை. வழக்குப் போடச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. "நீதான் பார்க்கோணும்" என்று அடுத்தமுறை கேட்கும்போது உங்கள் மனம் அதை ஏற்றுக்கொண்டு குனியக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேட்கும் முறையையும் மாற்றுங்கள். "ஒருத்தரும் உதவி இல்லை" என்று சொன்னால் அவர்களுக்குக் குற்ற உணர்வு வரும், குற்ற உணர்வு வந்தவர்கள் கோபப்படுவார்கள் அல்லது அழுவார்கள். நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். அக்காவிடம்: இரண்டு கிழமைக்கொருமுறை வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு பின்னேரம் போக வேண்டும், அந்த இரண்டு இரவும் அம்மாவின் அறையில் அவர் படுக்க வேண்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அண்ணனிடம்: கிழமையில் இரண்டு இரவு தங்குவதற்கு ஊரில் நம்பிக்கையான ஒரு பெண்ணுக்குக் கூலி, கிளினிக் நாளில் ஆட்டோவுக்குக் காசு. மருந்து பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தால் கிளினிக் நாளில் வீடியோ அழைப்பில் வரட்டும், வைத்தியர் சம்மதித்தால் அவரிடமே கேட்கட்டும். பக்கத்தில் இல்லாதவருக்குப் பயம் கூட இருக்கும், அது கட்டளையாக வெளியே வரும். அவரை எதிரியாக்காமல் இதைச் சமாளிக்கலாம். ஆனால் அம்மாவின் இரவு வலியைப் பற்றிய முடிவு அம்மாவுடையது. அம்மாவிடம் கேளுங்கள், "நோவுக்கு மருந்து எடுக்கிறீங்களா?" என்று. இதுவரை ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

கணவரிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். வாடிக் காவலை அண்டை வயற்காரரோடு முறை மாற்றிக்கொள்ள முடியும், மாமியாரைத் தூக்கிவிடுவதும் கஞ்சி பருக்குவதும் ஆண்களுக்கும் முடிந்த வேலைதான். மகளைப் பரீட்சை முடியும்வரை இரவுக் காவலில் போடாதீர்கள், ஆனால் அம்மம்மாவின் நோயை அவளிடமிருந்தும் மறைக்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் நடக்கும் குசுகுசுப்பு படிப்பை இன்னும் குழப்பும்.

வெளியிலிருந்து வரும் உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மருத்துவச் செலவுக்கான ஜனாதிபதி நிதிய விண்ணப்பத்தை இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் நோயாளர் உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

உறவுக்காரர் சிலர் அம்மா குடித்த கோப்பையைத் தனியே வைக்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். புற்றுநோய் தொற்றாது. பிள்ளைகள் அம்மம்மாவோடு ஒரே பாயில் படுக்கலாம். மருந்து ஏற்றிய பின் இரண்டு நாட்களுக்கு மட்டும் வாந்தி, சலம் துப்புரவு செய்யும்போது கையுறை போடுங்கள், அது மருந்தின் எச்சத்துக்காக.

இனி உங்கள் உடம்பு

பிரசர் 150/100 என்பது ஒருமுறை எடுத்த அளவு. அதை வைத்து நோய் என்று முடிவெடுக்க முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது. அடுத்த இரண்டு கிழமையில் வேறு வேறு நாட்களில் மூன்று நான்கு தடவை, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தபின் அளந்து எழுதுங்கள். 140/90 க்கு மேலேயே நின்றால் பக்கத்து வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் பதியுங்கள். படபடப்பையும் மாதவிடாய்க் குழப்பத்தையும் மன அழுத்தத்தின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. இரத்தச் சோகை, தைரொயிட், சீனி மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்காக எத்தனை தடவை இரத்தம் எடுக்கும் வரிசையில் நின்றிருப்பீர்கள், இது உங்களுக்காக.

முதுகு உளைவுக்குக் காரணம் பாதி நீங்கள் தூக்கும் விதம். அக்குளில் கையைக் கொடுத்துத் தனியாகத் தூக்காதீர்கள், அது அம்மாவின் முள்ளந்தண்டுக்கும் கூடாது. இடுப்புக்குக் கீழே மடித்த பெட்ஷீட் ஒன்றை விரித்துவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்துங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தலாம், ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். சரியான முறையைக் கிளினிக் நாளில் தாதியிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டி விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இரவு தூங்காத நாளில் ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது அலுவலகத்துக்குப் பிந்திப் போங்கள். மேலதிகாரியிடம் நிலைமையை எழுத்தில் கொடுத்தால் விடுமுறையையும் நேரத்தையும் பற்றிப் பேச ஒரு வழி திறக்கும்.

மனதைப் பற்றி இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு கிழமையில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லாமல் போனதா? நல்ல தூக்கம் கிடைத்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் பதில் ஓம் என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அது சிகிச்சைக்குக் குணமாகும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மட்டுமல்ல, ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலக் கிளினிக் நடக்கிறது. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றால் ஊருக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒன்றுக்குப் போங்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. "நான் செத்தாத்தான் நிம்மதி" என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா? வந்தால் அடுத்த கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். கணவரை எழுப்பிச் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

எனக்கும் வருமா?

தாய்க்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால் மகளுக்குச் சாத்தியம் மற்றப் பெண்களைவிடக் கூடுகிறது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தாய்க்கு வந்ததால் மகளுக்கு வந்தே தீரும் என்று ஒன்றும் இல்லை. பரம்பரை மரபணுவால் நேரடியாக வருவது மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். உங்கள் அம்மாவுக்கு வந்தது 64 வயதில், மாதவிடாய் நின்று வெகுகாலத்துக்குப் பின். சித்தி, பெரியம்மா, அம்மம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் யாருக்காவது இளவயதில் மார்பிலோ சூலகத்திலோ இந்த நோய் வந்ததா என்று அம்மாவிடம் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அம்மாவைப் பார்க்கும் நிபுணரிடம் உங்களைப் பற்றியும் கேட்க வேண்டும். இதை விசாரிப்பதற்கும் மறைப்பு நீங்கியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுவநாரி எனும் பெண்கள் நலக் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை வரச்சொல்லி அழைப்பார்கள், உங்களுக்கு 41 தானே என்று 45 வரை காத்திருக்க வேண்டாம், குடும்ப வரலாற்றைச் சொல்லி இப்போதே போங்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் பிரசரும் அதே நாளில் பார்த்துவிடலாம். மாதத்துக்கொருமுறை குளிக்கும்போது நீங்களே மார்பைத் தடவிப் பாருங்கள். புதிய கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோல் சுருங்குதல் எது கண்டாலும் கிளினிக் நாள் வரும்வரை வைத்திருக்காதீர்கள். கிளினிக் எந்தக் கிழமை என்று உங்கள் ஊர்க் குடும்பநல மாதுவிடம் நாளைக்கே கேளுங்கள். அக்காவுக்கும் இதே ஆலோசனைதான், அடுத்தமுறை வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.